கடிகாரத்தை முதலில் காதில் வைப்பவர்

எங்கள் வீட்டுக்காரர் பழைய கைக்கடிகாரங்களை வாங்கிச் சரிசெய்து விற்பவர். சாவி கொடுத்து ஓடுகிற ரகம் மட்டும்தான். பேட்டரி போட்டதைக் கொண்டுவந்து நீட்டினால் முகம் கொடுத்துக்கூடப் பேச மாட்டார். விற்கிறவர்கள் வீட்டுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், நான் விற்கிறவரைப் பார்ப்பேன். யார் கட்டியது, தண்ணீரில் விழுந்ததா, எந்தப் புண்ணியவான் பிரித்துப் பார்த்தான் என்பதையெல்லாம் ஊர்க்கதை பேசுவதுபோலப் பேசியே கறந்துவிடுவேன். இந்த விஷயத்தில் என் வாய்க்கு இருக்கிற மரியாதை அவருடைய லென்ஸுக்கு இருக்கிற மரியாதைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடிகாரத்தைக் கையில் வாங்கும்போதே குப்புறத்தான் வாங்குவார். டயலைப் பார்க்க மாட்டார். "மூஞ்சியப் பாத்தா மனசு விழுந்துடும். அப்புறம் நொண்டினாலும் மன்னிக்கச் சொல்லும்" என்பார். நேராகக் காதுக்குத்தான் கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொள்வார். இடது கை ஆட்காட்டி விரல் மட்டும் மேலே எழும். அது எழுந்தால் அந்த வீட்டில் எல்லாரும் வாயை மூட வேண்டும், நான் உட்பட. ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜையே அணைக்க வைத்தார். அந்த அம்மாள் பேச்சு சுவாரசியத்தில் மறுபடி போட மறந்துவிட்டாள். ஐஸ்கிரீம் எல்லாம் கஞ்சியாகிவிட்டது என்று மறுநாள் போன் செய்து என்னைத்தான் திட்டினாள்.

அந்தக் காதுக்குத் தொழிலில் அப்படி ஒரு பேர். 'அவர் கேட்டுச் சொன்னாரா, அப்ப சரி' என்று வாங்குகிறவர்கள் கடிகாரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டு போவார்கள்.

நான் சொல்ல வருவது அந்த பியூட்டி பார்லர் வீட்டுக்குப் போனதைப் பற்றி. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று அவரோடு கிளம்பும்போது, இதுதான் நாங்கள் சேர்ந்து போகும் கடைசிப் பயணம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை.

காரணம் பெரிய சண்டை ஒன்றுமில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச காலமாகவே அவருக்கு என்னைச் சலித்துவிட்டது. அப்படித்தான் நான் நம்பினேன். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்லுவார். என்னைக் கிண்டல் செய்யாமல் அவருக்கு ஒரு வாய் காபி இறங்காது. அதெல்லாம் போய், 'ம்ம்', 'சரி', 'நல்லது' என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த ஆரம்பித்தார். மாடி வீட்டுக்காரி என்னைக் கேவலமாகப் பேசிவிட்டாள் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து சொன்னேன். "நல்லது" என்றார். சொல்லிவிட்டு லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டார். யாராவது போன் செய்தால் எடுப்பதில்லை, மெசேஜ் போடச் சொல்லிவிடுவார். என்னிடம் எரிந்து எரிந்து விழுவதுபோல ஒரு சத்தம் வேறு. தண்ணீர் கேட்டால்கூட அதட்டிக் கேட்பதுபோல இருக்கும்.

ஒருநாள் அவர் மேஜையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். "நான் பொண்ணு வீட்டுக்கே போய் இருந்துடலாம்னு பாக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டு நகராமல் நின்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

"நல்லது" என்றார், திரும்பாமலே.

அன்றோடு என் வாய் மூடிக்கொண்டது. தட்டை வைப்பேன், எடுப்பேன். உப்பு போதுமா என்றுகூடக் கேட்கவில்லை. முனகலைக்கூட விழுங்கிக்கொண்டேன். மற்றவர்கள் என்னை ரேடியோ என்று கிண்டல் செய்வார்கள், அந்த ரேடியோவையே அணைத்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எப்போதாவது சமையலறை வாசற்படியில் வந்து நிற்பார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை போலிருக்கிறது, நிற்கட்டும் என்று நான் திரும்பாமலே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண் தன் வீட்டின் முன்னறையையே பார்லராக வைத்திருந்தாள். மாடிப்படி ஏறியதும் கண்ணாடிக் கதவு, உள்ளே ஹேர் டை வாசனை. ஒரு வாடிக்கையாளர் அம்மாள் தலையில் சாயம் பூசிக்கொண்டு, கவிழ்த்த பானை மாதிரி இருக்கும் டிரையருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பார்லர்காரப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, ஹேர்கிளிப்புகள் கிடந்த இழுப்பறையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தாள்.

"எங்க மாமனாரோடது ஆன்ட்டி. அவர் போனதுக்கப்புறம் யாரும் கட்டல. வீட்டுக்காரருக்கு போன்ல டைம் பாத்தா போதும். கிளிப்பு தேடுறப்பல்லாம் கையில தட்டுப்படும். பாவமா இருக்கும்."

"மாமனார் நல்லா வெச்சுக்கிட்டாரா?" என்று நான் என் வேலையைத் தொடங்கினேன்.

"குளிக்கப் போறப்ப கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் போவார். மகன்கிட்டகூட குடுக்க மாட்டார்."

இவர் வழக்கப்படி குப்புற வாங்கினார். காதில் வைத்தார். கண்ணை மூடினார். நான் பேச்சை நிறுத்திவிட்டு விரல் எழும் என்று காத்திருந்தேன். டிரையரை அணைக்கச் சொல்ல நாக்கின் நுனியில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். விரல் எழவில்லை. அந்த இரைச்சலில் தண்டவாளத்தில் ரயில் போனால்கூடத் தெரியாது. ஆனால் இவர் முகத்தில் ஒரு நிம்மதி. தூங்குகிற குழந்தை சிரிப்பதுபோல லேசாகச் சிரித்தார்.

"நல்லா ஓடுது. சீரான நடை" என்றார்.

பார்லர்காரப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஓடுதா சார்? நான் சாவியே குடுக்கலையே. மாமா போனதுலேருந்து அது நின்னேதான கெடக்கு."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவள் சொன்னது அவருக்கு எட்டவே இல்லை. நான் எட்டி டயலைப் பார்த்தேன். கீழே சின்ன வட்டத்துக்குள் இருந்த நொடிமுள் அசையாமல் நின்றது.

ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். முதலில் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. அதற்குப் பின்னால் வரிசையாக மற்றவை வந்து மோதின. மெசேஜ் போடச் சொன்னது. தண்ணீர் கேட்கும்போது போட்ட சத்தம். மூக்கைச் சிந்தியபோது சொன்ன அந்த 'நல்லது'. இத்தனை நாள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை மறைத்திருக்கிறார். நானும் ஒரு பெண்டாட்டி என்று குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பார்லர்காரப் பெண் மறுபடி வாயைத் திறந்தாள். நான் அவசரமாக உதட்டில் விரலை வைத்து, என் காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். கெட்டிக்காரப் பெண். புரிந்துகொண்டாள். போய் டிரையரை அணைத்து, "ரெண்டு நிமிஷம் ஆறட்டும் மேடம்" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவர் கண்ணைத் திறந்ததும் நான் கையை நீட்டினேன். கொஞ்சம் திகைத்தார், நான் ஒருநாளும் சரக்கைத் தொட்டதில்லை. ஆனாலும் கொடுத்தார். கைப்பையில் மூக்குக்கண்ணாடி தேடுவதுபோலக் குனிந்து, பைக்குள்ளேயே வைத்துச் சாவிக் குமிழைத் திருகினேன். இறுகும்வரை திருகினேன். நொடிமுள் ஒருமுறை உதறிவிட்டு நகரத் தொடங்கியது. மூச்சு வந்தது எனக்கு. பழையபடி அவர் கையில் வைத்தேன்.

லென்ஸைக் கண்ணில் செருகியதும் அவர் தன் ராஜ்ஜியத்துக்குள் போய்விட்டார். பட்டை மாட்டுகிற கொம்புகளின் ஓரத்தை நகத்தால் தடவினார். கூராக இருந்தது. பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கடிக்கவில்லை என்று அர்த்தம். டயலில் எழுத்துகளைப் பார்த்தார், யாரும் மேலே புதிதாக எழுதவில்லை. விளிம்பில் பழுப்பு ஏறியிருந்தது. "இது அழுக்கில்லம்மா, வயசு. இதுக்குத்தான் ஆளுங்க வருவாங்க" என்றார். மணிமுள்ளும் நிமிடமுள்ளும் ஒரே மாதிரி மங்கியிருக்க, நொடிமுள் மட்டும் வெளுப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தார். அது பின்னால் மாற்றியது. சாவிக் குமிழும் மாற்றியதுதான், ஒரு சுற்று பெரிது. மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். பழுது பார்த்த ஒவ்வொருவரும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறி வைத்திருந்த அடையாளங்கள் இருந்தன. துரு இல்லை.

பிறகு கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அப்படியே நின்றார்.

"இது என்ன பளபளப்பு? யாரோ எதையோ பூசியிருக்காங்க."

பார்லர்காரப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அன்றுதான் நான் கவனித்தேன். "நான்தான் சார். கீறல் தெரியக் கூடாதேன்னு நெயில் பாலிஷ் அடிச்சேன். கலர் இல்லாதது."

அவர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். "கடிகாரத்துக்கே அலங்காரம் பண்ணிட்டியா? பரவால்ல. ஆனா ரிமூவர் மட்டும் வெச்சுடாத, இது பிளாஸ்டிக் கண்ணாடி, வெந்துடும். நான் தேச்சு எடுத்துக்கறேன்." அறை அதிரும் குரலில்தான் சொன்னார். அது கோபமில்லை, தன் குரல் தனக்குக் கேட்காதவனின் குரல் என்று எனக்கு இப்போது தெரிந்தது.

கடிகாரத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்து விலை பேச ஆரம்பித்தார். நல்ல விலைதான் சொன்னார். "ஏன்னா, நடை சுத்தம்" என்றார்.

எனக்கு என்னவோபோல இருந்தது. மேஜையில் இருந்த கடிகாரத்தை எடுத்து என் காதில் வைத்தேன். டிரையர் நின்றிருந்ததால் தெளிவாகக் கேட்டது. அது சீரான நடை இல்லை. டிக் என்று ஒன்று, உடனே டக் என்று ஒன்று, பிறகு ஓர் இடைவெளி. மறுபடி டிக், டக், இடைவெளி. நொண்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நொண்டுகிற கடிகாரங்களைப் பற்றிய அவருடைய புலம்பலைக் கேட்டவள் நான். இதுகூடத் தெரியாமல் போகுமா?

இப்போது என்ன செய்வது? வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பெண் முன்னால் அவர் தலை குனிய வேண்டும். சொல்லாவிட்டால், நாளைக்கு யாரோ ஒருவர் அவர் வார்த்தையை நம்பி வாங்கிக்கொண்டு போய், நொண்டுகிறதே என்று திரும்பி வருவார். அவருக்கு இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான்.

மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்தேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. பார்லர்காரப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. கடிகாரத்தை என் காதிலேயே வைத்துக்கொண்டு, அது அடிப்பதை அப்படியே அவர் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினேன். தட்டு, தட்டு, இடைவெளி. தட்டு, தட்டு, இடைவெளி.

கை இழுப்பதை நிறுத்தியது. அவர் என் விரலைப் பார்த்தார். என் காதோரம் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். கடிகாரம் நொண்டுவதும், எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் ஒன்றாகவே அவருக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் தட்டுவதை நிறுத்தவில்லை. அவர் வேண்டுமானால் எவ்வளவு நேரமும் கேட்டுக்கொள்ளட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு தப்பு சொல்லிட்டேம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "நடை கொஞ்சம் நொண்டுது. சரிபண்ணிடலாம், பெரிய வியாதி இல்ல. ஆனா சுத்தம்னு சொன்னது தப்பு."

அதற்காக விலையைக் குறைக்கவும் இல்லை. அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள். வாசல்வரை வந்து, என் கையை அழுத்திப் பிடித்து, "பாத்துக் கூட்டிட்டுப் போங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் ஓர் இரும்பு பெஞ்சு. அவர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார், நான் ஒட்டி உட்கார்ந்தேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள்.

அவர் முகத்துக்கு நேரே திரும்பி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, "எப்பலேருந்து?" என்றேன்.

"ஒரு வருஷம் இருக்கும்" என்றார், என் உதட்டைப் பார்த்துக்கொண்டு. "மொதல்ல கடிகாரம்தான் போச்சு. காதுல வெச்சா ஓடுற மாதிரிதான் இருக்கும். அது ஓடுதா, இல்ல பழைய ஞாபகம் ஓடுதான்னு எனக்கே தெரியாது. நொடிமுள்ளப் பாத்து சமாளிச்சிட்டிருந்தேன். இன்னிக்கு உன்ன பக்கத்துல வெச்சுக்கிட்டு பழைய மாதிரி ஒரு தடவ கேட்டுப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பேசறத நிறுத்திடுவ."

அவரே தொடர்ந்தார்.

"காது கேக்காதவன்கிட்ட யாரு வம்படியா உக்காந்து பேசுவா? வேணுங்கறதுக்கு மட்டும் கையக் காட்டுவ. நீ பேசறது எனக்கு அரைகுறையாத்தான் கேக்கும். பாத்திரம் கழுவற எடத்துலேருந்து இழுவையா ஒண்ணு வரும். என்ன சொல்றன்னு தெரியாது. ஆனா நீ இருக்கன்னு தெரியும். அது போதும்னு நானும் சரி, நல்லதுன்னு எதையாவது சொல்லிக்கிட்டிருந்தேன்." தன் காதைத் தொட்டுக்கொண்டார். "இப்ப அதுவும் போயிடுச்சு."

"எது?"

"உன் குரல். ஹாரன் கேக்குது. பக்கத்து வீட்டுக்காரர் இருமுறது கேக்குது. உன் குரல் மட்டும் சுத்தமா இல்ல. பொம்பளைங்க குரல்தான் மொதல்ல போகும்னு எங்கயோ படிச்சேன். நீ பேசிக்கிட்டே வேல செய்றப்ப வாசப்படியில வந்து நின்னு பாப்பேன். ஒண்ணும் வராது. சரி, அவ்ளோதான், போயிடுச்சுன்னு மனச தேத்திக்கிட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. இரண்டும் சேர்ந்தே வந்தன. அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்தாற்போலச் சொன்னேன். "உங்க காது போகல. நான்தான் பேசல."

"என்ன?"

"பேசவே இல்ல. கோவத்துல வாயையே தொறக்கல நான். இப்ப கேக்குதா?"

"கேக்குது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "பேசவே இல்லையா?"

"இல்ல."

அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது. "என்ன கோவம்?"

"பொண்ணு வீட்டுக்கே போய் இருந்துடப் போறேன்னு சொன்னேன். நீங்க நல்லதுன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று. அவர் ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"போகாத."

எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. போனில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். காய்கறிப் பையை வைத்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் கூச்சத்தில் அவர் தொடையைக் கிள்ளியிருப்பேன்.

நான் அவர் காதுக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தேன். "என்ன சொன்னீங்க? எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன்.

அவர் மறுபடி சொன்னார், முன்னைவிடச் சத்தமாக.